உள்ளே விட்ட துணி

என் தங்கைக்குப் பிரா வாங்கப் போன கடையில் நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.

"மெதுவா பேசுங்க மேடம், இன்னர் எல்லாம் மாடியில" என்றார் கல்லாவில் இருந்த ஆள், ஏதோ நான் கள்ளக்கடத்தல் சரக்கைக் கேட்டுவிட்ட மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே.

"இன்னரும் வேணாம், அவுட்டரும் வேணாம். பிரா. அந்த வார்த்தையைச் சொன்னா உங்க நாக்கு வெந்துடுமா?"

பின்னால் நின்ற தங்கை என் முழங்கையை நறுக்கென்று கிள்ளினாள். "அக்கா, மானத்தை வாங்காத. பேசாம மேல வா." கூட வந்திருந்த அவள் வீட்டுக்காரர் படிக்கட்டோடு நின்றுவிட்டார். நின்று, மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தார். பெண்கள் உள்ளாடை என்று ஒரு பலகையைப் பார்த்தால் போதும், அந்த மனுஷனுக்கு மின்விசிறி மேல் திடீர்ப் பாசம் வந்துவிடும்.

மாடியில் விற்பனைக்கு ஒரு பெண் இருந்தாள். "என்ன நம்பர்?" என்றாள்.

"முப்பத்தாறு" என்றாள் தங்கை.

"கப் சைஸ்?"

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் அம்மாவுக்கு முப்பத்தாறு. அதனால் எனக்கு முப்பத்தாறு, அவளுக்கும் முப்பத்தாறு. அம்மா மொத்தமாக ஒரு பெட்டி வாங்கி வந்து மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுப்பாள். இனிஷியல் மாதிரி அந்த எண்ணும் எங்களுக்குப் பிறப்போடு வந்தது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் நாங்கள் அதை மாற்றவில்லை. கப் என்று ஒரு சமாச்சாரம் இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பெண் டேப்பை எடுத்துத் தங்கையின் நெஞ்சைச் சுற்றினாள். வலது பக்கம் வந்ததும் அவள் கை அப்படியே நின்றது. அங்கே தட்டையாக இருந்தது.

"ஆபரேஷன்" என்றாள் தங்கை. "பரவால்ல, அளங்க. வலிக்காது."

அந்தப் பெண் டேப்பைக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி அளந்தாள். "உங்களுக்கு முப்பத்திரெண்டுதான் மேடம். கப்பு மட்டும் பெரிசு. முப்பத்தாறை எப்படி இத்தனை வருஷம் போட்டீங்க? தொளதொளன்னு இருந்திருக்குமே?"

தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரெண்டு இருந்தவரைக்கும் ஒழுங்கா ஒண்ணு போடல. ஒண்ணு போனப்புறம் அளவு தேடி அலையறோம் பாத்தியா அக்கா!" சிரிப்பு முடிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளாடைக்கு டிரையல் கிடையாதாம். அப்படியானால் பொருந்துகிறதா என்று எப்படித் தெரியும் என்றேன்.

"போடப் போடச் சரியாயிடும் மேடம்."

இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் அவனை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கடிக்கிற செருப்புக்கும் இதைத்தான் சொல்கிறார்கள், குத்துகிற மூக்குக்கண்ணாடிக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு வாங்கி வந்ததை வீட்டில் போட்டுப் பார்த்தோம். இடது பக்கம் பிதுங்கியது, வலது பக்கம் பொக்கையாக மடிந்து கிடந்தது. போடப் போட அது சரியாகவும் இல்லை.

தங்கை மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வீட்டில் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான், அவள் புருஷனே "டீச்சர், டீ இருக்கா?" என்றுதான் கேட்பார். பிள்ளைகள் பிறக்கவில்லை. வருஷா வருஷம் வகுப்புக்கு வருகிறவர்கள்தான் பிள்ளைகள். நாங்கள் அந்தக் கடைக்குப் போவதற்கு முன்பே, ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றுவதும் முடிந்து, முடி குட்டையாக முளைத்ததும், பழைய பிராவில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஒரு நாள் பள்ளிக்கூடம் போனாள். முதல் வேலையாகக் கரும்பலகையின் மூலையில் தேதி எழுதக் கையைத் தூக்கினாள். எழுதுகிற கையும் வலது கை, எடுத்த பக்கமும் வலது பக்கம். பிரா மேலே ஏறியது. அதோடு பஞ்சும் ஏறித் தோள்பட்டை எலும்பின் மேல் உட்கார்ந்துகொண்டது.

முன் வரிசையில் இருந்த ஒரு குட்டிப் பெண் எழுந்து, "டீச்சர், உங்களுக்குத் தோள்ல என்ன வீங்கியிருக்கு? வலிக்குதா?" என்று கேட்டதாம். கேலியாக இல்லை, உண்மையான கவலையோடு. அதைத் தாங்க முடியவில்லை இவளால். நோட்டுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே மீதிப் பொழுதை ஓட்டிவிட்டு வந்தவள், அடுத்த கல்வியாண்டு தொடங்குகிற வரைக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

என்னிடம் வந்து சொன்னாள். "அக்கா, எனக்கு அழகா எல்லாம் இருக்க வேணாம். கையைத் தூக்கித் தேதி எழுதினா அது மேல ஏறக் கூடாது. அவ்வளவுதான். அப்படி ஒண்ணு கிடைச்சா ஸ்கூல் திறக்கற அன்னிக்கே போயிடுவேன்."

"கிடைக்கும்டி. உலகத்துல இல்லாத பொருளா?" என்றேன்.

உலகத்தில் இருக்கிறது. எங்கள் கைக்குத்தான் வரவில்லை. மாப்பிள்ளை தன் பங்குக்குப் போனில் தேடி ஒன்றை வரவழைத்தார். பொட்டலத்தைப் பிரித்தால் பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு உண்டானது. ஏன் என்று கேட்டதற்கு, "பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாத் திறக்கும்னு போட்டிருந்துச்சு, நமக்கும் ஒரு பக்கம்தானேன்னு…" என்று இழுத்தார். நான் திட்ட வாயெடுப்பதற்குள் தங்கை சிரித்துப் புரண்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடையில் இப்படி ஆபரேஷன் ஆனவர்களுக்கென்றே உள்ளே பை வைத்துத் தைத்தது இருந்தது. இருந்தது ஒரே அளவு. அதற்குள் எங்கள் டீச்சரைப் போல இரண்டு டீச்சரை உட்கார வைக்கலாம். சின்னது வருமா என்று கேட்டதற்கு, "வரும். வந்தா சொல்றோம்" என்றார்கள். இன்றைக்கு வரைக்கும் அவர்கள் சொல்லவில்லை.

இத்தனைக்கும் நான் தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, இந்தத் தெருவில் பாதிப் பெண்களுக்கு நான்தான் ரவிக்கை தைக்கிறேன். ஆனால் தங்கையின் உடம்பை நான் ஒரு நாளும் அளந்ததில்லை. எல்லாரையும் போல அவளும் பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, "இதே அளவு அக்கா" என்பாள். நானும் அதை வைத்தே வெட்டுவேன். அளவு ரவிக்கை சரியாக இருக்கிறதா என்று யார் கேட்டார்கள்? அது அவள் காலேஜில் படித்தபோது தைத்தது.

என் தொழிலில் எனக்கு ஒரு வைராக்கியம் உண்டு. பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விடாமல் நான் எதையும் தைத்துக் கொடுத்ததில்லை. பிள்ளைகள் வளரும், பெண்கள் சதை போடுவார்கள். பிரித்து விட்டுக்கொண்டால் இன்னும் சில வருஷம் ஓடும். துணி விடாமல் தைக்கிற தையல்காரியை நான் மனுஷியாகவே மதிப்பதில்லை. எனக்குத் தெரிந்த உடம்புகள் எல்லாம் ஏறுகிற உடம்புகள்தான்.

தங்கைக்கும் இது தெரியும். நான் எது தைத்துக் கொடுத்தாலும் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் உள்பக்கத்தைத் திருப்பி விரலை வைத்து அளப்பாள். "ரெண்டு விரல்தானா? கஞ்சப் பிசினாறி! நான் நல்லாச் சாப்பிடறவ, மூணா விடு" என்று வம்புக்கு இழுப்பாள். நானும் திட்டிக்கொண்டே அடுத்த முறை மூன்று விரல் விடுவேன்.

கடைகளை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஆனபிறகு நானே தைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். ரவிக்கை தைக்கத் தெரிந்தால் இதுவும் வரும் என்று நினைத்ததுதான் என் திமிர். ஒரு பிராவைப் பிரித்துப் பார்த்தால் இத்தனூண்டு துணியில் அத்தனை துண்டுகள். முதலில் தைத்தது மூச்சு முட்டியது. இரண்டாவது முதுகில் ஏறியது. என் மெஷின் எலாஸ்டிக்கைக் கண்டாலே நூலை அறுத்தது. நான் மெஷினைத் திட்ட, தங்கை கட்டிலில் படுத்துக்கொண்டு, "மெஷின் என்ன பண்ணும் பாவம், அதுவும் முப்பத்தாறுக்குப் பழகினது" என்றாள்.

வலது பக்கப் பையில் எதை வைப்பது என்று ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. பஞ்சுக்குக் கனம் இல்லை, அதனால்தான் மேலே ஏறுகிறது. கடைசியில் மெல்லிய துணியில் பை தைத்து, அதில் கடுகை நிரப்பினேன். கடுகு உடம்போடு குழைந்து உட்காரும். இடது பக்கத்துக்குச் சமமாக வருகிற வரைக்கும் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்துப் போட்டேன்.

"மழையில நனைஞ்சா முளைச்சிடாதா?" என்றாள்.

"முளைச்சா நல்லதுதானே" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவள் முகம் மாறவில்லை. "ஆமா, போனது திரும்ப முளைச்சா வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றாள்.

எத்தனையாவது முறை என்று எண்ணவில்லை, கடைசியில் ஒன்று அமைந்தது. கொக்கியை மாட்டிவிட்டு முன்னால் வந்து நின்று பார்த்தேன்.

"கையைத் தூக்கு."

தூக்கினாள்.

"தேதி எழுது."

காற்றில் எழுதினாள். ஆசிரியைக் கையெழுத்து, வட்டமெல்லாம் வட்டமாக. எழுதி முடித்து அடியில் ஒரு கோடும் போட்டாள். பிரா இம்மியும் நகரவில்லை. என்னைப் பார்த்தாள். "அக்கா! ஏறல!" என்றாள். அடுத்து என்ன செய்தாள் தெரியுமா? வாய்ப்பாடு எழுதினாள். மூன்றாம் வாய்ப்பாடு முழுவதையும் என் முன்னறைச் சுவரில் விரலால் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் குதித்தாள். ரவிக்கை வாங்க வந்த ஒரு அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவளைத்தான் திட்டினேன். "போதும்டி, மேல ஒண்ணும் போட்டுக்காம நிக்கற, கதவு திறந்திருக்கு."

அவள் ரவிக்கையை மாட்டிக்கொள்ளப் போவதற்கு முன்னால், பழக்கம் விடுமா, பக்கத் தையலின் உள்ளே விரலை நுழைத்தாள். "மூணு விரல்! அடேயப்பா, தாராளம்."

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. இருமல் வந்தது. சளி என்றோம். முதுகு வலி வந்தது. கட்டில் சரியில்லை என்று கட்டிலை மாற்றினோம். பிறகு ஆஸ்பத்திரியில் மறுபடி எல்லாப் படமும் எடுத்தார்கள். டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாப்பிள்ளையையும் என்னையும் கூப்பிட்டார். நுரையீரலுக்குப் போயிருக்கிறது, எலும்புக்கும் போயிருக்கிறது என்றார். "இனிமே அவங்க வலி இல்லாம இருக்கறதுக்கு என்ன செய்யலாமோ அதைச் செய்வோம்" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அவர் மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

தாழ்வாரத்துக்கு வந்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, அவகிட்ட சொல்ல வேணாம்கா. ஸ்கூல் திறக்கறதைப் பத்தியேதான் பேசிக்கிட்டிருக்கா." அன்றைக்கு அந்தத் தாழ்வாரத்திலும் ஒரு மின்விசிறி இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

மருந்தின் சூடு, சாப்பிட்டால் தேறிவிடும் என்று அவளிடம் சொன்னோம். அவள் நம்பினாளா, நம்பியதாகக் காட்டிக்கொண்டாளா, எனக்கு இன்னும் தெரியாது. "சரி" என்றாள்.

உடம்பு இறங்க ஆரம்பித்தது. பிரா தொளதொளத்தது. "அக்கா, கொஞ்சம் பிடிச்சுக் குடு" என்று கழற்றிக் கொடுத்தாள். பிடித்துத் தைத்தேன். கையைத் தூக்கித் தேதி எழுதிப் பார்த்தாள். சரியாக இருந்தது. கொஞ்ச நாளில் மறுபடி தொளதொளத்தது. மறுபடி பிடித்தேன். இடது பக்கமும் வற்றியது. அதற்குத் தகுந்த மாதிரி வலது பக்கப் பையிலிருந்து கடுகைக் கொட்டிக் குறைத்தேன்.

துணியை மட்டும் நான் வெட்டவில்லை. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் மிச்சம் உள்ளேயே மடிந்தது. அவள் இளைக்க இளைக்க உள்ளே துணி தடித்துக்கொண்டே போனது. அவள் அதையும் விரலால் அளந்து பார்ப்பாள். "அஞ்சு விரலுக்கு வந்தாச்சு. நான் குண்டானா இதுல ரெண்டு பேர் போகலாம்" என்பாள். "குண்டாகு முதல்ல" என்பேன் நான். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருந்தது.

ஒரு நாள் காலையில் பிராவைக் கழற்றிக் கொடுக்கும்போது முகத்தைச் சுளித்தாள். வெளிச்சத்தில் பார்த்தேன். தழும்பின் ஓரத்தில் தோல், ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததில் ஏற்கெனவே காகிதம் போல ஆகியிருந்தது. மடிந்து தடித்த தையல் உரசி உரசி அங்கே ரத்தம் கசிந்திருந்தது.

"ஏன்டி சொல்லல?"

"உறுத்துச்சு. துணி இருக்கட்டுமேன்னுதான் பொறுத்துக்கிட்டேன்."

அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு மெஷினுக்கு வந்தேன். தையலைப் பிரித்தேன். புது அளவுக்குப் பிடித்துத் தைத்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, உள்ளே இருந்த துணி மொத்தத்தையும் தையலை ஒட்டி வெட்டினேன். ஓரத்தை மெல்லிய பட்டியால் மூடி, விரலால் தடவித் தடவி, எங்கும் தடிப்பில்லை என்று பார்த்தேன். நல்ல வேலை. என் கையால் அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் தைத்ததில்லை.

ஒரு விரலாவது விட்டிருக்கலாம். உறுத்தாமல் துணி விட எனக்குப் பத்து வழி தெரியும். வெளிப்பக்கமாக மடித்திருக்கலாம், இடது பக்கமாகத் தள்ளியிருக்கலாம். அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை. கத்தரிக்கோல் அது பாட்டுக்குப் போனது. டாக்டர் சொன்னதை என் வாய் யாரிடமும் சொல்லவில்லை, கை சொல்லிவிட்டது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வழக்கம்போல முதலில் உள்பக்கத்தைத் திருப்பினாள். பக்கத் தையலில் விரலை வைத்தாள். மேலிருந்து கீழே ஒரு முறை போனாள். மறுபக்கத்தைத் திருப்பி அங்கேயும் போனாள். அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது.

"வெட்டிட்டியா?"

"உறுத்துதுன்னியேடி… ரத்தம் வேற… அதான்…"

"ம்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையை அவள் அப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும், கோபமே இல்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. சண்டைக்காரி என்று ஊரில் பேர் வாங்கியவளுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் கிடைக்கவில்லை.

பிராவை மாட்டிக்கொண்டாள். முதுகைக் காட்டினாள், கொக்கியைப் போட்டுவிட்டேன். நான் சொல்லாமலே வலது கையைத் தூக்கினாள். தேதி எழுதினாள். மெதுவாக, வட்டமெல்லாம் வட்டமாக. நகரவில்லை, ஏறவில்லை, எங்கேயும் மடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் போட்டதிலேயே அவள் உடம்புக்குச் சரியாகப் பொருந்தியது அது ஒன்றுதான்.

"நல்லா இருக்கு அக்கா. உறுத்தவே இல்ல" என்றாள். பிறகு படுத்துக்கொண்டாள். "அவரை ஸ்கூலுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லிடு. மூணாம் கிளாசுக்கு வேற ஆளைப் பாத்துக்கட்டும். பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்கக் கூடாது."

"கழட்டிக் குடுடி" என்றேன். "குடு, வேற தைக்கறேன். நாலு விரல் விட்டுத் தைக்கறேன். இப்பவே தைக்கறேன்."

"எதுக்கு அக்கா?" என்றாள். "இதான் சரியா இருக்கே."